கே. பி. சுந்தராம்பாள்: மேடை, திரை, இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கே. பி. சுந்தராம்பாள் என்றவுடன் வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைந்த திருநீறும் கையில் கோலுமாக நிற்கும் ஔவையார்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறார். அந்தத் தோற்றத்துக்குப் பின்னால், தமிழ் நாடகமேடையின் உச்ச நட்சத்திரமாக இருந்து, தன் ஊதியத்தையும் வேடத்தையும் பாட்டின் சொற்களையும் தானே தீர்மானித்த ஒரு தொழில்முறைக் கலைஞர் இருந்தார் என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை. கீழுள்ள விடைகள் அந்தப் பக்கத்தையே கூடுதலாகப் பார்க்கின்றன.

பெயருக்கு முன்னால் உள்ள கே. பி. எதைக் குறிக்கிறது?

கொடுமுடி, பாலாம்பாள் என்னும் இரண்டு பெயர்களின் முதலெழுத்துகள் அவை. முன்னது பிறந்த ஊர். பின்னது தாயின் பெயர். 1908இல், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில், காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயில் அமைந்துள்ள கொடுமுடியில் அவர் பிறந்தார். இன்று அந்த ஊர் ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. பிற்காலத்தில் 'கொடுமுடி கோகிலம்' என்ற பட்டமும் ஊரின் பெயரோடேயே ஒட்டிக்கொண்டது.

ரயிலில் பாடித் திரிந்த சிறுமியை யாரோ கண்டெடுத்தார்கள் என்பது உண்மையா?

வறுமையில் வளர்ந்தார் என்பதிலும், ஈரோட்டுக்கும் திருச்சிக்கும் இடையே ஓடிய ரயில்களில் பாடிக் காசு சேர்த்த சிறுமி அவர் என்பதிலும் அவரைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். அவரது குரலைக் கேட்டு மேடைக்கு அழைத்து வந்தவர் யார் என்பதில்தான் கதைகள் பிரிகின்றன. ரயில்வே அதிகாரியாகவும் நாடக ஆர்வலராகவும் இருந்த எஃப். ஜி. நடேச ஐயரின் பெயரைச் சிலர் சொல்கிறார்கள். கரூர்ப் பக்கத்துக் காவல்துறை அதிகாரி ஒருவரைச் சிலர் சொல்கிறார்கள். வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும், நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் பிள்ளையாகத் தோன்றிப் பாடியதும் அவருடைய தொடக்கமாகக் கூறப்படுகின்றன. பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிய தாயின் கதை அது. உண்மையிலேயே பட்டினி அறிந்த ஒரு பிள்ளையின் குரலில் அந்தப் பாட்டு ஒலித்தபோது கொட்டகை எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

'ஸ்பெஷல் நாடகம்' என்பது என்ன? அது அவரது குரலை எப்படி உருவாக்கியது?

இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்காலத்தில் திரையில் நாம் கேட்கும் சுந்தராம்பாளின் குரல் முழுக்க முழுக்க அந்த மேடையில் உருவானது. கம்பெனி நாடகம் என்றால் ஒரே குழுவினர் ஒரே இடத்தில் தங்கி, வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஒத்திகை பார்த்து நடிப்பது. ஸ்பெஷல் நாடகத்திலோ ராஜபார்ட் என்னும் கதாநாயகன் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் என்னும் கதாநாயகி வேறோர் ஊரிலிருந்தும் கோமாளியான பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் இன்னும் சில ஊர்களிலிருந்தும் அன்று மாலை வந்து சேர்வார்கள், அன்றிரவே நாடகம் நடக்கும், விடிந்ததும் பிரிந்துபோவார்கள். ஒத்திகை என்ற பேச்சுக்கே இடமில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்களின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால்தான் அது சாத்தியமாயிற்று. அந்தப் பொதுப் பாடத்தின் பெரும்பகுதியைத் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

மனப்பாடம் மட்டும் போதாது. வள்ளி திருமணத்தில் வேலனுக்கும் வள்ளிக்கும் இடையே நடக்கும் தர்க்கத்தில் எதிராளி எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்று முன்கூட்டித் தெரியாது. தினைப்புனத்துப் பரணில் நின்றபடி அந்தக் கணமே பாட்டால் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கொட்டகை சும்மா விடாது. இதற்கெல்லாம் மேலாக, அப்போது ஒலிபெருக்கி கிடையாது. தரைச் சீட்டில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும், அதுவும் விடியும்வரை. ஆகவே எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயியைத் தொடுவது, சொல்லை மென்று விழுங்காமல் எழுத்தெழுத்தாக உச்சரிப்பது, 'அ' என்னும் அகாரத்தை முழு வாயும் திறந்து நீட்டுவது ஆகிய பழக்கங்கள் அந்தத் தலைமுறை நடிகர்களுக்கு அழகியல் தேர்வுகளாக வரவில்லை. பிழைப்பின் தேவையாக வந்தன. சுந்தராம்பாள் அந்தத் தேவையையே தன் பாணியாக்கிக்கொண்டார்.

இலங்கைக்கு ஏன் சென்றார்?

அன்றைய தமிழ் நாடகக் கலைஞர்களுக்குக் கொழும்பு ஒரு முக்கியமான மேடை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற குழுக்கள் அங்கு மாதக்கணக்கில் தங்கி நடித்தன. வசூலும் நன்றாக இருந்தது. சுந்தராம்பாள் இளம் வயதிலேயே அங்கு சென்று பெயர் பெற்றார். செங்கோட்டையைச் சேர்ந்த எஸ். ஜி. கிட்டப்பாவும் அங்கு வந்தபோது, 1926 வாக்கில், இருவரும் ஒரே மேடையில் இணைந்தனர். கிட்டப்பா அதற்கு முன்பே கன்னையா கம்பெனியில் புகழின் உச்சத்தைத் தொட்டிருந்தார். ஆண்களுக்கு அரிதான உயர்ந்த சுருதியில் அனாயாசமாகப் பாடுபவர் அவர். அவருக்கு எதிரில் நிற்கும் நடிகை திணறிவிடுவார் என்று பலர் எண்ணியிருந்த இடத்தில், அதே சுருதியில் அவருக்கு ஈடுகொடுத்துப் பாடினார் இந்தப் பெண். 1927இல் இருவரும் மணந்துகொண்டனர். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது.

அவர்கள் இருவரும் சேர்ந்து நடித்தது எவ்வளவு காலம்?

ஏறத்தாழ ஏழாண்டுகள். அந்தக் குறுகிய காலத்திலும் பிணக்குகளும் பிரிவுகளும் இருந்தன. கிட்டப்பாவின் குடிப்பழக்கமும் உடல்நலக் குறைவும் நிலைமையை மோசமாக்கின. அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் நிலைக்கவில்லை. 1933 டிசம்பர் 2ஆம் நாள் கிட்டப்பா மறைந்தபோது அவருக்கு வயது 27; சுந்தராம்பாளுக்கு 25.

அவர்கள் மேடையில் எப்படி நடித்தார்கள் என்பதைக் காட்டும் படச்சுருள் எதுவும் இல்லை. கிட்டப்பா திரைப்படத்தில் நடிக்கும் முன்பே போய்விட்டார். எஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள் மட்டுமே, அவையும் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமே ஓடுபவை. இரவு முழுவதும் விரித்துப் பாடியவர்களை மூன்று நிமிடத்துக்குள் அடக்கிய ஒலிப்பதிவுகளைக் கொண்டுதான் நாம் அவர்களை மதிப்பிட வேண்டியிருக்கிறது.

கிட்டப்பாவின் மறைவுக்குப் பிறகு அவர் எடுத்த முடிவு என்ன?

வெள்ளைச் சேலை, நகையில்லாத கழுத்து, திருநீறு ஆகியவற்றோடு வாழ்வது என்றும், இனி எந்த ஆண் நடிகருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். சில காலம் மேடையை விட்டே விலகியிருந்துவிட்டு, பிறகு நந்தனார் வேடத்தோடு திரும்பி வந்தார்.

இந்த முடிவைக் கணவன் மீதுள்ள பக்தியின் அடையாளமாக மட்டும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் துயரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைய நாடக உலகில், துணையில்லாத 25 வயது நடிகையை ஊரும் கம்பெனிக்காரர்களும் எப்படி நடத்தியிருப்பார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளைச் சேலை அவருக்கு ஓர் அரணாகவும் இருந்தது. காதல் காட்சி கேட்டு எந்தத் தயாரிப்பாளரும் அவரிடம் போகவில்லை. போனவர்கள் அவருடைய நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டே போனார்கள்.

ஒரு லட்ச ரூபாய் ஊதியம் வாங்கினார் என்பது மிகைப்படுத்தலா?

1935இல் வெளிவந்த பக்த நந்தனார் படத்துக்காக, அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார் என்பது திரை வரலாற்றாசிரியர்கள் தொடர்ந்து பதிவு செய்துவரும் செய்தி. இந்தியத் திரையுலகில் அந்தத் தொகையை முதலில் வாங்கியவர் அவர்தான் என்றும் கூறுகிறார்கள். ஒரு பவுன் தங்கம் 30 ரூபாய்க்கும் குறைவாக விற்ற காலம் அது. அந்தக் கணக்கில் பார்த்தால், மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கக்கூடிய தொகை.

படத்தில் நடிக்க விருப்பமில்லாததால், வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காகவே அந்தத் தொகையைக் கேட்டார் என்றும், அவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. கதை சுவையாக இருந்தாலும், தன் பெயருக்குத் தமிழகமெங்கும் என்ன மதிப்பு இருக்கிறது என்பதை அறியாத ஒருவரால் அந்த எண்ணைச் சொல்லியிருக்க முடியாது என்றே தோன்றுகிறது.

ஒரு பெண் நந்தனாராக நடித்ததை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

நாடகம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது புதுமையல்ல. ஆண்கள் ஸ்திரீபார்ட்டில் வருவதும் பெண்கள் ராஜபார்ட் கட்டுவதும் மேடையில் சாதாரணம். திரையில்தான் சிக்கல் வந்தது. மேடையில் பத்து அடி தூரத்தில் நிற்கும் வேடத்தை மனம் ஏற்றுக்கொள்கிறது. அருகில் வந்து முகத்தைக் காட்டும் கேமரா அப்படி விட்டுவைப்பதில்லை. மாணிக்லால் டாண்டன் இயக்கிய அந்தப் படத்தில் வேதியராக நடித்தவர் கர்நாடக இசை வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இரு பெரும் பாடகர்கள் இருந்தும், ஆனந்த விகடனில் கல்கி எழுதிய விமர்சனம் படத்தைக் கடுமையாகக் கிண்டல் செய்தது. பனைமரமும் எருமைக்கடாவும் வெள்ளாடும் நன்றாக நடித்திருந்தன என்ற கருத்துப்பட அவர் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. படச்சுருள் கிடைக்காததால் கல்கியின் தீர்ப்பைச் சரிபார்க்க நமக்கு வழியில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட அந்தப் படத்தில் ஏறத்தாழப் பாதியைச் சுந்தராம்பாளே பாடினார்.

இவ்வளவு புகழ் இருந்தும் ஏன் பத்துப் பன்னிரண்டு படங்களில் மட்டுமே நடித்தார்?

ஜோடி இல்லாமல் கதாநாயகியாக நடிக்க எத்தனை கதைகள் கிடைக்கும்? அவர் ஏற்ற வேடங்களை வரிசையாகப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். 1935இல் நந்தனார், 1940இல் துறவு பூண்ட மணிமேகலை, அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1953இல், ஔவையார். ஆணாகவோ துறவியாகவோ முதியவளாகவோ மட்டுமே அவர் திரையில் தோன்றினார். 1940இல் அவருக்கு முப்பத்திரண்டு வயதுதான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

ஜெமினி நிறுவனத்தின் எஸ். எஸ். வாசன் ஔவையார் படத்தைப் பெரும் செலவில் எடுத்தார். இயக்கியவர் கொத்தமங்கலம் சுப்பு. யானைக்கூட்டம் கோட்டையைத் தாக்கும் காட்சியைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. இளம் பருவத்து ஔவையாக டி. டி. குசலகுமாரி நடித்தார். இளமையைத் துறந்து முதுமையை வரமாக வாங்கிக்கொள்ளும் அந்தக் கதை, சுந்தராம்பாளின் சொந்த வாழ்வோடு பொருந்திப் போனதை அன்றைய ரசிகர்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள். நடிப்பு என்று பார்த்தால் அவர் அதிகம் அசைவதே இல்லை. நின்று, நிமிர்ந்து, பாடுகிறார். படத்தில் வரும் அரசர்களும் கூட்டமும் யானைகளும் அவரைச் சுற்றி இயங்குகின்றன. ஒரு காட்சியைக் குரலால் மட்டுமே தாங்கிப் பிடிப்பது எப்படி என்பதற்கு அந்தப் படத்தைவிட நல்ல சான்று தமிழில் குறைவு.

முருக பக்தரான அவர் கருணாநிதி எழுதிய படத்தில் எப்படி நடித்தார்?

1964இல் வெளிவந்த பூம்புகார் படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகள் வேடத்துக்கு அவரைத் தவிர வேறு யாரையும் மு. கருணாநிதி எண்ணிப் பார்க்கவில்லை என்பர். கடவுள் மறுப்பாளர் எழுதும் படத்தில் நடிப்பதா என்று சுந்தராம்பாள் தயங்கினார். முருகன் சம்மதித்தால் பார்க்கலாம் என்று சொன்னதாகவும், பின்னர் இசைந்ததாகவும் கூறுவார்கள். கோவலனாக எஸ். எஸ். ராஜேந்திரனும் கண்ணகியாக விஜயகுமாரியும் நடித்தனர், ஆர். சுதர்சனம் இசையமைத்தார்.

அந்தப் படத்தில் 'அன்று கொல்லும்' என்று தொடங்கும் பாட்டைப் பற்றித் திரைவட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி ஒன்று உண்டு. கோவலன் கொலையுண்ட பிறகு, நின்று கொல்லும் தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கும் பொருளில் முதலில் வரி எழுதப்பட்டிருந்தது. தெய்வத்தை அப்படிக் கேட்கும் சொற்களைத் தன் வாயால் பாட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட, தெய்வம் இங்கே வந்துவிட்டது என்று பொருள் தரும்படி வரி மாற்றப்பட்டது. எழுதியவர் அரசியல் செல்வாக்கு மிக்கவர். பாடுபவர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த கலைஞர். வரிதான் மாறியது. இருவரும் மற்றவரின் இடத்தை அறிந்திருந்ததால் அது சண்டையாக முற்றாமல் முடிந்தது.

'பழம் நீயப்பா' பாடலில் அப்படி என்ன சிறப்பு?

1965இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய திருவிளையாடல் படத்தில், மாங்கனி கிடைக்காமல் கோபித்துக்கொண்டு பழனிக்கு வந்துவிட்ட முருகனை ஔவையார் சமாதானம் செய்யும் இடத்தில் வருகிறது அந்தப் பாடல். இசை கே. வி. மகாதேவன். குழந்தையைக் கெஞ்சும் சூழல்தான். ஆனாலும் அவர் குழைந்து பாடுவதில்லை. முதல் சொல்லையே அறைந்தாற்போல எடுத்து, 'அப்பா' என்னும் விளியில் மட்டும் கொஞ்சம் இறங்கி, உடனே மேலேறிவிடுகிறார். கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் வீட்டுப் பாட்டி பேசும் தோரணை அது: அன்பும் அதட்டலும் ஒரே மூச்சில் வரும். அதே படத்தில் அவர் பாடும் 'ஞானப்பழத்தைப் பிழிந்து' சங்கரதாஸ் சுவாமிகளுடையது. ஸ்பெஷல் நாடகக் கொட்டகையில் ஒலித்த பாட்டு மரபு ஒன்று, அதே தலைமுறைக் குரலோடு, வண்ணப்படத்துக்குள் வந்து சேர்ந்தது. அப்படத்துக்குப் பின் முருகன் கோயில் திருவிழா ஒலிபெருக்கிகளில் அவருடைய குரல் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

தன் பாட்டைத் தானே பாடி நடித்தவருக்குப் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது எப்படிக் கிடைத்தது?

1969ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது, சின்னப்பா தேவர் தயாரித்த துணைவன் படத்துக்காக அவருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த விருது முதன்முதலாகப் பி. சுசீலாவுக்குத் தரப்பட்டிருந்தது. பாடுபவர் யாராக இருந்தாலும் திரைப்படப் பாடலுக்கான விருது அந்தப் பெயரில்தான் இருந்தது. நடிகர்களே பாடிய தலைமுறை ஏறக்குறைய மறைந்து, பின்னணிக் குரலே வழக்கமாகிவிட்ட காலம் அது. தன் காலத்துக்குப் பின் உருவான ஒரு பிரிவில் பழைய மேடைக்காரர் ஒருவர் பரிசு வாங்கிய விந்தையை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அடுத்து, 1970இல், பத்மஸ்ரீ விருதும் வந்தது. தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

அரசியலில் அவருக்கு இருந்த பங்கு என்ன?

காங்கிரஸ் இயக்கத்தில் கிட்டப்பாவின் காலத்திலேயே ஈடுபாடு தொடங்கிவிட்டது. நாடகக் கலைஞர்களின் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பதை நன்கு அறிந்திருந்த எஸ். சத்தியமூர்த்தி, அவரைக் கூட்டங்களுக்கு அழைத்துவந்தார். 1937 தேர்தலில் அவர் பாடிப் பிரசாரம் செய்தார். பேச்சாளர் வருவதற்கு முன் கூட்டத்தைச் சேர்ப்பதற்கு அவருடைய இரண்டு பாட்டுகள் போதும்; பேச்சு முடிந்த பிறகும் கூட்டம் கலையாமல் இருப்பதற்கு இன்னும் ஒரு பாட்டு மிச்சம் வைத்திருப்பார்கள் என்று சொல்லலாம். கொடுமுடிக்கு வந்த காந்திக்குத் தங்கத் தட்டில் உணவு பரிமாறியதும், தட்டு எனக்கில்லையா என்று காந்தி கேட்க, சுந்தராம்பாள் அதையும் நிதிக்குக் கொடுத்துவிட்டதும் அவரைப் பற்றிய கதைகளில் மிகப் பரவலானவை.

1950களில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். நடிகர்கள் சட்டமன்றம் செல்வதைப் பற்றிப் பேசும்போது, 1962இல் தேனியில் வென்ற எஸ். எஸ். ராஜேந்திரனிலிருந்தும் அதே ஆண்டு மேலவைக்கு வந்த எம். ஜி. ஆரிடமிருந்தும் தொடங்குவோர், அவர்களுக்கு முன்பே உள்ளே சென்ற இந்தப் பெண்ணை விட்டுவிடுவது சரியல்ல.

கடைசிக் காலத்தில் என்ன செய்தார்?

நடிப்பதை நிறுத்தவில்லை. 1966இல் மகாகவி காளிதாஸ், 1967இல் கந்தன் கருணை, 1973இல் திருமலை தெய்வமும் காரைக்கால் அம்மையாரும் வெளிவந்தன. அம்மையார் கதையில், இளமைப் பருவத்தில் லட்சுமி நடிக்க, பேய் வடிவம் ஏற்ற பிறகான பகுதியில் சுந்தராம்பாள் தோன்றினார். கொடுமுடியில் தன் பெயரில் ஒரு திரையரங்கமும் கட்டினார். 1980இல் காலமானார்.

அவரை முதன்முறையாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

திருவிளையாடலை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். எனவே பூம்புகாரில் வரும் 'வாழ்க்கை எனும் ஓடம்' பாட்டை முதலில் கேட்கலாம். பக்திப் பாடலுக்கு வெளியே, அறிவுரை சொல்லும் பாட்டில் அவர் குரல் எவ்வளவு நிதானமாக நடக்கிறது என்பது அதில் தெரியும். அடுத்து, ஔவையார் படத்தை முழுமையாகப் பார்க்கலாம். நீளம் சற்றே சோர்வு தரும், பாடல்களுக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருமலை தெய்வத்தின் 'ஏழுமலை இருக்க' முதுமையிலும் மேல் ஸ்தாயி தளராமல் இருந்ததைக் காட்டுகிறது. பழைய இசைத்தட்டுகளைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. அவற்றின் இரைச்சலுக்குக் காது பழகச் சிறிது நேரம் பிடிக்கும். கேட்கும்போது கிட்டப்பாவின் தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் கேட்டால், கொழும்பு மேடையில் அவர்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க மக்கள் ஏன் சீட்டு வாங்கினார்கள் என்பது விளங்கிவிடும்.